தேக்கும் துளசியும் பங்காளியா?

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழைய வீட்டுக் கதவு, நிலை, தூண் வாங்கி விற்பவர்.

"டீச்சர், கடைப் பலகையில் பர்மாத் தேக்கு என்று எழுதி, வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்களே என்று கீழே தாவரப் பெயரும் வெர்பினேசி என்று குடும்பப் பெயரும் போட்டிருந்தேன். போன வாரம் கதவு பார்க்க வந்த ஒரு பையன், இது தப்பு, தேக்கு இப்போது துளசிக் குடும்பம் என்கிறான். நானும் பி.எஸ்சி. தாவரவியல்தான். சதுரத் தண்டு, இரண்டு உதட்டுப் பூ, கசக்கினால் வாசம். இது மூன்றும் இல்லாத மரம் எப்படித் துளசிக் குடும்பம் ஆகும்? ஜீன் பார்த்தோம் என்று சொல்லிவிட்டால் எதையும் நம்பிவிட வேண்டுமா?"

ஜூலை 6

பையன் சொன்னது சரி. வெர்பினேசியை அழித்துவிட்டு லேமியேசி என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் படித்ததைத்தான் நானும் படித்தேன், முப்பது வருஷம் அதையே நடத்தவும் செய்தேன். வெர்பினேசிக்கு நான்கு உதாரணம் என்றால் கை தானாக எழுதும்: தேக்கு, நொச்சி, சங்கங்குப்பி, உன்னிச்செடி. இந்த நான்கில் இன்று அந்த வீட்டில் மிச்சம் உன்னிச்செடி மட்டும்தான். மற்ற மூன்றும் துளசி வீட்டுக்குப் போய்விட்டன. குமிழும் முன்னையும் கூடவே கிளம்பிவிட்டன.

ஜீன் என்றால் நம்ப வேண்டுமா என்பது நல்ல கேள்வி. அடுப்பில் உலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

ஜூலை 6, இரவு

ஏடு பெயர்த்து எழுதுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூல ஏட்டிலிருந்து நாலு பேர் படி எடுக்கிறார்கள். ஒவ்வொருவரும் அங்கங்கே ஓர் எழுத்தைத் தவறவிடுகிறார்கள். அவர்கள் படியிலிருந்து இன்னும் நாலு பேர் எடுக்கும்போது பழைய பிழையும் சேர்ந்தே வரும், புதுப் பிழையும் கூடும். நூறு வருஷம் கழித்து எல்லாப் படியையும் பரப்பிவைத்து, ஒரே இடத்தில் ஒரே பிழை உள்ளவற்றைச் சேர்த்து அடுக்கினால் எது எதிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். பாடபேதம் பார்க்கிறவர்கள் செய்வது இதுதான். மரபணு பார்க்கிறவர்கள் செய்வதும் இதுதான்.

இலையில் பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்துக்குள் சொந்தமாக ஒரு சிறு டிஎன்ஏ வளையம் உண்டு. அதில் ஆர்பிசிஎல் என்று ஒரு மரபணு. காற்றிலிருந்து கரியைப் பிடிக்கும் புரதத்துக்கான குறிப்பு அதில் இருக்கிறது. பச்சை இலை உள்ள செடி எதிலும் அது இருக்கும், மெதுவாகத்தான் மாறும். 1990களில் அமெரிக்காவில் ஓம்ஸ்டெட், வாக்ஸ்டாஃப் போன்றவர்கள் துளசிக் கூட்டத்திலும் வெர்பினேசிக் கூட்டத்திலும் இந்த ஒரு மரபணுவை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார்கள். 1997இல் வந்த அவர்களது கட்டுரையோடு பழைய வெர்பினேசி உடைந்துபோனது. பெரும்பங்கு துளசிப் பக்கம்.

பூ வடிவம் பொய் சொல்லலாம், பிழை அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. ஒரே எழுத்துப்பிழை இரண்டு இடத்தில் தற்செயலாக வரலாம். இருநூறு பிழையும் அப்படியே வராது.

ஜூலை 8

வார்த்தை போதும், பூவைப் பார்ப்போம் என்று காலையில் கிளம்பினேன். கோட்டையூர்ப் பக்கம் தெரிந்தவர் தோட்ட வேலியோரம் எட்டுத் தேக்கு நிற்கிறது. ஆடிக்கு முன்பே பூத்துவிட்டது. தொரட்டி போட்டு ஒரு கொத்து இறக்கிக் கொடுத்தார்கள். கொத்து என்றால் கை நீளத்துக்குக் கிளை கிளையாகப் பிரிந்து, நுனியில் மிளகு அளவு மொட்டும் வெள்ளைப் பூவுமாக.

வாசகர் சொன்ன மூன்றில் ஒன்று அங்கேயே விழுந்தது. சதுரத் தண்டு இல்லை என்றாரே, தூணில் தேடினால் எப்படி இருக்கும்? இளங்கொம்பை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள், உருளாது. நாலு மூலை. இலையும் துளசி மாதிரியே எதிர் எதிராக. தளிரைக் கசக்கினால் வாசம் வராது, ஆனால் விரல் சிவக்கும். சுண்ணாம்பு தடவின வெற்றிலை மென்ற மாதிரிச் சிவப்பு. என் முந்தானையில் ஒட்டினது இன்னும் போகவில்லை.

வாசத்தைப் போலவே பூவும் அவர் கட்சி. உதடு இல்லை, வட்டமான பூ, ஆறு இதழ் மடல், ஆறு மகரந்தத் தாள். ஒரு பூவில் ஐந்து இருந்தது. துளசியிலும் தும்பையிலும் நாலுதான், அதிலும் இரண்டு நெட்டை, இரண்டு குட்டை.

பிளேடு வைத்துச் சூற்பையை அறுத்தேன். துளசியில் சூற்பை நாலு மேடாகப் பிரிந்திருக்கும். சூலகத்தண்டு அந்த நாலுக்கும் நடுவே பள்ளத்தில், அடியிலிருந்து கிளம்பும். தேக்கில் சூற்பை ஒரே உருண்டை, தண்டு உச்சியில் நிற்கிறது. தேக்கை அந்தக் காலத்தில் வெர்பினேசியில் வைத்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். உச்சித் தண்டா, அடித்தண்டா. அவ்வளவு.

ஆனால் போன வருஷத்துக் காய் மரத்தடியில் கிடந்தது. மேலே சருகு மாதிரி ஊதிப்போன புல்லிவட்டப் பை, உள்ளே பஞ்சு படிந்த கல்லுக்கொட்டை. சுத்தியலால் தட்டினால் சிதறுகிறது, இரும்பறுக்கும் ரம்பத்தால் குறுக்கே அறுத்தால்தான் சரியாக வரும். நாலு அறை. துளசிக்கும் நாலு கொட்டை, தும்பைக்கும் நாலு. தேக்கு அந்த நாலையும் ஒரே ஓட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறது, நம்மூர் வீட்டில் நாலு பங்காளிக்கும் ஒரே முகப்பு மாதிரி.

ஜூலை 9

மிச்சக் கொட்டைகளை வீணாக்க மனசில்லை. பத்துக் கொட்டையை ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடி ஊறப்போடுகிறேன். அப்படிச் செய்தால்தான் முளைக்கும் என்பார்கள்.

ஜூலை 11

இதைச் சொல்லாமல் மேலே எழுதுவது நேர்மையில்லை.

2009 என்று நினைவு, காலாண்டுத் தேர்வு. தேக்கின் குடும்பம் எது, ஒரு மதிப்பெண். ஒரு பிள்ளை லேமியேசி என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்துச் சுழித்தேன். விடைத்தாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள், அவள் சித்தப்பா சொன்னாராம். "சித்தப்பாவா மார்க் போடுகிறார்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அப்போதே அந்த விடை பன்னிரண்டு வருஷம் பழசு. நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை. விடைக்குறிப்பில் வெர்பினேசி என்று இருந்தது, நானும் அதோடு நின்றுவிட்டேன்.

ஜூலை 12

பன்னிரண்டு வருஷம் என்று எழுதியது தப்பு. எழுபத்தைந்து.

நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வராமல் பழைய குறிப்புகளைக் கிளறினேன். ஸ்வீடன்காரர் யூனெல் என்பவர் 1934இலேயே இரண்டு குடும்பத்துச் சூலகங்களையும் நுண்ணோக்கியில் அறுத்து அறுத்துப் பார்த்து, உச்சித் தண்டு, அடித்தண்டு என்று பிரிப்பது சரிவராது, வெர்பினேசியில் பாதிப் பேர் துளசி வீட்டைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லிவிட்டார். சூல் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் அவர் பிடி. உன்னிச்செடியில் உள்தடுப்பின் ஓரத்திலேயே ஒட்டியிருக்கும், துளசிக் கூட்டத்தில் கொஞ்சம் தள்ளிப் பக்கத்தில். 1992இல் கான்டினோ என்ற அமெரிக்கர் வடிவக் குணங்களை எல்லாம் அட்டவணை போட்டு அதே முடிவுக்கு வந்தார். ஐந்து வருஷம் கழித்துத்தான் மரபணுக் கட்டுரை.

ஆக, "ஜீன் வந்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது" என்று நானே ஜூலை 6இல் ஒரு தோரணையில் எழுதிவிட்டேன். புரட்டியது கண்தான். அறுபது வருஷம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிஎன்ஏ வந்து சாட்சி சொன்ன பிறகுதான் தீர்ப்பு எழுதினார்கள்.

மகரந்தத்திலும் இதே கதை. 1945இல் எர்ட்மன் என்பவர், அவரும் ஸ்வீடன்தான், துளசி, புதினா வகையறாவின் மகரந்தத்தில் ஆறு பள்ளம், தும்பை வகையறாவில் மூன்று பள்ளம் என்று பார்த்துக் குடும்பத்தை இரண்டாகப் பிரித்தார். அந்த ஆறுபள்ளக் கூட்டம் மரபணுச் சோதனையிலும் அப்படியே ஒரே கிளையாக நிற்கிறது. மூன்றுபள்ளக் கூட்டம்தான் சில்லுச் சில்லாகப் போய்விட்டது.

ஜூலை 15

பங்காளி என்று வாய்தவறிச் சொன்னேன், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். "டீச்சர், பங்காளி என்றால் எந்தக் கோயில், எந்தப் பிரிவு?"

சரி, நகரத்தார் கணக்கிலேயே சொல்கிறேன். ஒன்பது நகரக் கோயில். ஒரே கோயில் என்றால் பங்காளி, கோயிலுக்குள் பிரிவு உண்டு. லேமியேசியை ஒரு கோயில் என்று வையுங்கள். ஏழாயிரத்துக்கு மேல் சிற்றினம், 230க்கு மேல் பேரினம், பெரிய கோயில்தான். பிரிவுகள்தான் துணைக்குடும்பங்கள். 2004இல் எண்ணியபோது ஏழு பிரிவு. அதில் இடம் கிடைக்காமல் சில பேரினங்கள் வெளியே நின்றன, தேக்கு அதில் ஒன்று. கோயில் இதுதான், பிரிவு தெரியாது என்று திண்ணையில் உட்கார வைத்துவிட்டார்கள். யார் வீட்டுத் திண்ணைத் தூணாக நின்றதோ அதையே திண்ணையில். 2016இல் போ லீயும் சகாக்களும் பசுங்கணிகத்தில் ஐந்து பகுதிகளை ஒப்பிட்டு மூன்று பிரிவு கூட்டினார்கள். 2017இல் லீயும் ஓம்ஸ்டெட்டும் இன்னும் இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. அந்தக் கடைசி இரண்டில் ஒன்று தேக்குக்கு என்றே தனியாக: டெக்டோனாய்டியே. உள்ளே ஒரே பேரினம், மூன்றே சிற்றினம். நம்முடையது ஒன்று, பர்மாவில் ஒன்று, பிலிப்பைன்ஸில் ஒன்று.

உடனே கேட்காதீர்கள், பர்மாவில் ஒன்று என்றால் நம் வீட்டுப் பர்மாத் தேக்கு அதுவா என்று. இல்லை. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது நம் டெக்டோனா கிராண்டிஸ்தான். நீலகிரி அடிவாரத்தில் நிற்பதும் அதுவே. பர்மாத் தேக்கு என்பது ஊர்ப் பெயர், இனப் பெயர் இல்லை.

நம்ம பக்கத்தில் மற்றவர்கள்: துளசி, புதினா, கற்பூரவள்ளி, திருநீற்றுப்பச்சிலை எல்லாம் ஒரே பிரிவு. தும்பையும் பேய்மிரட்டியும் இன்னொன்று. நொச்சி வேறு. குமிழும் முன்னையும் சேர்ந்து ஒன்று. சங்கங்குப்பி வேறொன்று.

ஜூலை 15, சற்றுப் பொறுத்து

இப்போதுதான் உறைத்தது. கோட்டையைக் காப்பவன் சூடுவது நொச்சி. எதிரெதிரே நின்று பொரும்போது சூடுவது தும்பை. புறத்திணையில் இரண்டு திணைக்குப் பெயர் கொடுத்த பூக்கள். பழைய கணக்கில் நொச்சி வெர்பினேசி, தும்பை லேமியேசி. புதுக் கணக்கில் இரண்டும் ஒரே கோயில். பங்காளிச் சண்டை என்று சும்மாவா சொன்னார்கள்.

ஜூலை 21

கற்பூரவள்ளியைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு. உங்கள் வீட்டுச் சித்த மருத்துவப் புத்தகத்தில் கோலியஸ், மகனின் கல்லூரிப் புத்தகத்தில் பிளெக்ட்ராந்தஸ், புது நர்சரிச் சீட்டில் மறுபடியும் கோலியஸ். மூன்றும் ஒரே செடி. அச்சுப்பிழை ஒன்றுமில்லை.

1790இல் லூரேரோ என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் கோலியஸ் என்ற பேரினத்தை முதன்முதலில் எழுதினார். அப்போது அவர் கையில் வைத்து எழுதிய செடியே இந்தக் கற்பூரவள்ளிதான்: கோலியஸ் அம்பாய்னிகஸ். பிற்பாடு கோலியஸுக்கும் பிளெக்ட்ராந்தஸுக்கும் கோடு போட முடியவில்லை என்று சொல்லி, முழுசாகக் கொண்டுபோய்ப் பிளெக்ட்ராந்தஸில் கரைத்துவிட்டார்கள். மரபணுவை ஒப்பிட்டால் கோலியஸ் கூட்டம் தனியாக ஒரு கிளை. அசல் பிளெக்ட்ராந்தஸ் வேறு இடத்தில் நிற்கிறது. 2019இல் லண்டன் கியூ தாவரத் தோட்டத்து அலன் பேட்டனும் சகாக்களும் கோலியஸை மறுபடி எழுப்பி 294 சிற்றினங்களை அதில் வைத்தார்கள். சேலம் பக்கம் வேருக்காகப் பயிரிடுகிறார்களே மருந்துக் கூர்க்கன், தென்காசிப் பக்கத்துச் சிறுகிழங்கு, வாசலில் வைக்கும் பலவண்ண இலைச் செடி, எல்லாம் கோலியஸுக்குத் திரும்பின.

ஆக, உங்கள் பழைய புத்தகம் ஜெயித்தது. நடுவில் படித்த நாங்கள்தான் ஏமாந்தோம். சங்கங்குப்பியும் அப்படித்தான். கிளெரோடெண்ட்ரத்தில் இருந்து வெளியே வந்து, 1753இல் லின்னேயஸ் வைத்த வோல்கமேரியாவுக்கே போய்விட்டது. புதுமை புதுமை என்கிறார்கள், பாதி நேரம் பரணில் போட்ட பெயரைத்தான் தூசி தட்டி இறக்குகிறார்கள்.

ஜூலை 22

வாசத்தை வைத்து உறவு சொல்ல முடியாதா என்று கேட்டவருக்கு ஒரே வரி: கற்பூரவள்ளிக்கு ஓமவல்லி என்றும் பெயர், ஓமத்தின் வாசம் அப்படியே இருக்கிறது, ஓமமோ கொத்தமல்லிக் குடும்பம்.

ஜூலை 23

இன்னொரு வரியும் உண்டு. மரு துளசிக் குடும்பம். மருக்கொழுந்து சாமந்திக் குடும்பம். கதம்பம் கட்டுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "ரெண்டும் ஒரே கூடையிலதான் வருது டீச்சர்."

ஜூலை 29

ரோஸ்மேரி. இதைத் தவிர்க்கலாம் என்று பார்த்தேன், விடமாட்டேன் என்கிறார்கள். தலைமுடிக்கு ரோஸ்மேரித் தண்ணீர் அடிப்பது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. என் தங்கை மகள் இரண்டு பாட்டில் வாங்கினாள். ஒன்றில் ரோஸ்மரைனஸ் அஃபிசினாலிஸ், மற்றதில் சால்வியா ரோஸ்மரைனஸ். இரண்டாவது போலி என்று திருப்பி அனுப்பிவிட்டாள். பணமும் வரவில்லை, பாட்டிலும் வரவில்லை, அது வேறு கதை. போலி இல்லை. இரண்டாவதுதான் இப்போதைய பெயர்.

சால்வியா பெரிய பேரினம், ஆயிரம் சிற்றினத்துக்குப் பக்கம். சியா விதை அதில் ஒன்று. 2004 வாக்கில் மரபணுவை வைத்துப் பார்த்தால், ரோஸ்மேரி உட்பட ஐந்து சின்னப் பேரினங்கள் சால்வியாக் கிளைக்கு நடுவே உட்கார்ந்திருக்கின்றன. அப்படி நடுவில் வேறு பெயர் இருந்தால் கணக்கு இடிக்கும். ரோஸ்மேரியைச் சால்வியா பிள்ளை கூட்டிக்கொண்டது என்று வையுங்கள். கோயில் மாறியது, பெயர் மாறியது.

ஜூலை 30

பிள்ளை கூட்டியது என்ற உவமை முழுத் தப்பு. சுவீகாரம் என்றால் வேறு வயிற்றில் பிறந்து இந்த வீட்டுக்கு வருவது. இங்கே நடந்தது தலைகீழ். ரோஸ்மேரி பிறந்ததே சால்வியா வீட்டில், இத்தனை நாளாக வேறு வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தது. சொல்லப்போனால் லின்னேயஸ்தான் 1753இல் அதை வேறு வீட்டுக்குச் சுவீகாரம் கொடுத்தவர்.

அப்புறம், ஏன் சால்வியா அஃபிசினாலிஸ் என்று வைக்கவில்லை என்று தங்கை மகள் கேட்டாள். அந்தப் பெயரில் ஏற்கெனவே சேஜ் என்ற மூலிகை இருக்கிறது. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைக்கு ஒரே பெயர் வைக்க முடியாது. (நம் பக்கத்தில் வைப்பார்கள். தாத்தா பெயரில் ஒரே வீட்டில் நாலு சிதம்பரம் இருப்பார்கள், பெரிய சிதம்பரம், சின்னச் சிதம்பரம் என்று. தாவரவியல் சட்டம் இதற்கு ஒத்துக்கொள்ளாது.) சால்வியா ரோஸ்மரைனஸ் என்ற பெயரை 1835இலேயே ஸ்பென்னர் என்பவர் போட்டு வைத்திருந்தார், அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 2

யோசித்துப் பார்த்தால், தேக்கையும் ரோஸ்மேரியையும் ஒரே மூச்சில் பேசியது சரியில்லை.

தேக்கு துளசிப் பக்கம் என்பது கண்டுபிடிப்பு. அதை நாம் தீர்மானிக்கவில்லை, பார்த்தோம். ரோஸ்மேரி சால்வியாக் கிளைக்கு நடுவே இருக்கிறது என்பதும் கண்டுபிடிப்புதான். ஆனால் அதற்குச் சால்வியா என்று பெயர் வைத்தது பஞ்சாயத்து. வேறு மாதிரியும் தீர்த்திருக்கலாம்: சால்வியாவை நாலைந்தாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் கொடுத்து, ரோஸ்மேரியை அப்படியே விட்டிருக்கலாம். அப்படிச் செய்ய வேண்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். உடைத்தால் நூற்றுக்கணக்கில் பெயர் மாறும், சேர்த்தால் பதினைந்து சிற்றினத்துக்குத்தான் மாறும் என்று கணக்குப் போட்டு, 2017இல் டிரூவும் சகாக்களும் சேர்ப்பதற்கு வாதாடினார்கள். 2019இல் இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் அதை ஏற்றுக்கொண்டது. கோலியஸில் இதற்கு நேர் எதிராகத் தீர்ப்பு, அங்கே உடைத்தார்கள். இரண்டிலும் சாட்சி ஒன்றேதான், மரபணு.

அதனால் "ஜீன் பெயரை மாற்றிவிட்டது" என்று கோபப்படுகிறவர்களுக்கு: ஜீன் கொடி வழியைத்தான் காட்டும். எந்தக் கணுவில் கோடு போட்டு என்ன பெயர் வைப்பது என்பது மனுஷர் உட்கார்ந்து பேசுவது. கோபப்படுவதென்றால் அவர்கள் மேல் படுங்கள். நான் தேக்கு விஷயத்தில் மறுபேச்சு பேசமாட்டேன். ரோஸ்மேரியில் பழைய பெயரைச் சொல்கிறவரைத் திருத்தவும் மாட்டேன்.

ஆகஸ்ட் 4

எல்லோரும் கிளம்பிப் போனபின் வெர்பினேசி வீட்டில் யார் இருக்கிறார்கள்? உன்னிச்செடி, பொடுதலை, இன்னும் சிலர். உன்னிச்செடியைப் பாருங்கள், சதுரத் தண்டு, முள், எதிரிலை, கசக்கினால் மூக்கைத் துளைக்கும் வாசம். பள்ளத்தூர்க்காரர் கேட்ட அடையாளத்தில் தேக்கைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. அது வெளியே, தேக்கு உள்ளே. பூங்கொத்தைப் பார்த்தால் கொஞ்சம் புரியும். உன்னியில் கொத்து அடியிலிருந்து பூத்துக்கொண்டே நுனிக்குப் போகும், முடிவே இல்லை. தேக்கில் ஒவ்வொரு கிளையிலும் நடுப்பூ முதலில் பூத்து முடிந்துவிடும், அப்புறம் பக்கத்துப் பூ. தும்பைக் கொத்துக்குள்ளும் அதே ஒழுங்குதான்.

இதைவிட வேடிக்கை, லேமியேசிக்கும் வெர்பினேசிக்கும் இப்போது பக்கத்து வீட்டு உறவுகூட இல்லை. துளசிக் கூட்டத்துக்கு நெருக்கமான உறவில் வருவது சோளக்கொல்லையில் வேரை உறிஞ்சும் சுடுமல்லியின் குடும்பம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வெண்கண்டலும் ஒரு காலத்தில் வெர்பினேசியில் இருந்ததுதான். அது போன இடம் கனகாம்பரம், ஆடாதோடை வீடு.

ஆகஸ்ட் 9

மழை வாசம் வந்தது, மழை வரவில்லை. தொட்டியில் ஒன்றும் முளைக்கவில்லை.

ஆகஸ்ட் 12

ஒரு மாணவர் கேட்டது நல்ல கேள்வி, ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்தது. "பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்ச் செடியிலிருந்துதானே வருகிறது? அப்படியென்றால் பாதிக் கதைதானே தெரியும்?"

ஆமாம். நம்மூரில் கோயில் அப்பச்சி வழி, அதாவது தகப்பன் வழி, பசுங்கணிகம் ஆத்தா வழி. ஒரு வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், கலப்பு நடந்த இடத்தில் ஏமாந்துபோவோம். அதற்கு நல்ல உதாரணம் புதினா. பெப்பர்மின்ட் என்பது நீர்ப்புதினாவும் நம் சமையல் புதினாவும் கலந்து பிறந்தது, விதை பிடிக்காது, ஓடுதண்டை வெட்டி நட்டுத்தான் பரவுகிறது. நம் சமையல் புதினாவே இன்னும் இரண்டு காட்டுப் புதினாக்களின் பழைய கலப்பு. அதன் பசுங்கணிகத்தை மட்டும் கேட்டால் தாயின் பெயரைச் சொல்லும், தகப்பன் பெயரை விழுங்கிவிடும்.

அதனால்தான் இப்போது உட்கருவின் மரபணுக்களையும் நூற்றுக்கணக்கில் எடுக்கிறார்கள். 2018இல் வந்த ஒரு பெரிய கூட்டுவேலையில் இந்தக் குடும்பத்தில் 48 சிற்றினங்களை எடுத்து அப்படிப் பார்த்தார்கள். தேக்கு அப்போதும் துளசி வீட்டை விட்டு நகரவில்லை. அதிலேயே எனக்குப் பிடித்த ஒரு செய்தி. நொச்சியின் கசப்புக்குப் பின்னால் இரிடாய்டு என்று ஒரு வகைப் பொருள் உண்டு. துளசி, புதினாப் பிரிவு அதைச் செய்யும் வித்தையை எப்போதோ தொலைத்துவிட்டு, அந்த இடத்தில் வாசனை எண்ணெயைப் பிடித்துக்கொண்டது. அதே பிரிவில் பூனைப்புதினா மட்டும் தொலைந்த வித்தையை வேறு வழியாக மறுபடி கற்றுக்கொண்டது. பூனைகள் அதில் புரள்வது அந்தப் பொருளுக்காகத்தான்.

எங்கள் ஆயா நொச்சியில் வேது பிடிக்கும்போது துளசியையும் ஒரு கை போடுவார். கேட்டால் "அது வேற, இது வேற" என்பார். வேறேதான்.

ஆகஸ்ட் 19

சப்ஜாவும் சியாவும் ஒன்றா என்று கேட்கிறவர்களுக்கு: ஒரே குடும்பம், ஒரே பிரிவு, கிளை வேறு. சப்ஜா திருநீற்றுப்பச்சிலை, துளசிக்குக் கூடப்பிறந்தது. சியா ரோஸ்மேரிப் பக்கம். தண்ணீரில் போட்டால் இரண்டும் வழவழவென்று கோழை கட்டும். சப்ஜா உடனே, சியா சாவகாசமாக. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் இப்படிக் கண்டுபிடிக்கலாம். லாவெண்டர் எந்தக் கிளை என்று நினைக்கிறீர்கள்? துளசிக் கிளை. நானும் ரோஸ்மேரிப் பக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 27

முளைத்துவிட்டது! பத்தில் மூன்று கொட்டை. அதில் ஒன்றிலிருந்து இரண்டு நாற்று, ஒரே ஓட்டின் இரண்டு பக்கத்திலிருந்து. நாலு அறை என்று எழுதினேனே, இரண்டு அறையில் ஆள் இருந்திருக்கிறது. முதல் ஜோடி இலை விரித்து நிற்கும்போது, தூரத்திலிருந்து பார்த்த வேலைக்காரம்மா "துளசிக் கண்ணா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 3

பள்ளத்தூர்க்காரர் பலகையை மாற்றிப் படம் அனுப்பியிருக்கிறார். "பர்மாத் தேக்கு. டெக்டோனா கிராண்டிஸ். லேமியேசி (துளசிக் குடும்பம்)." அடைப்புக்குறிக்குள் இருப்பது அவர் சொந்தச் சேர்க்கை. அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் கதவை மோந்து பார்க்கிறார்களாம். "நீங்கள் சொல்லித்தான் எழுதினேன், டீச்சர், இப்போது என்ன பதில் சொல்வது?"

நானும் போய் எங்கள் வீட்டுப் பட்டாலைத் தேக்குத் தூணில் மூக்கை வைத்துப் பார்த்தேன். நூறு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் வாடையும்தான்.